பதின்மூன்றாவது ரேங்க்

எஞ்சினியரிங் முடித்து ஐ.டி.யில் நாலைந்து வருடம் ஓட்டியவர்களில் யாராவது ஒருவர் அவ்வப்போது என்னிடம் கேட்கும் கேள்வி இது: "பி.இ. வச்சுக்கிட்டு ஆர்க்கிடெக்சர்ல மாஸ்டர்ஸ் பண்ண முடியுமா?" நம்ம ஊரில் முடியாது. இங்கே எம்.ஆர்க். சேர ஐந்து வருட பி.ஆர்க். முடித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் முடியும். இலக்கியம் படித்தவர், கணிதம் படித்தவர், எஞ்சினியர் என்று வேறு துறையில் பட்டம் வாங்கியவர்களுக்காகவே அங்கே மூன்று அல்லது மூன்றரை வருட எம்.ஆர்க். இருக்கிறது. கையால் செய்தவற்றைக் காட்ட ஒரு போர்ட்ஃபோலியோ, ஏன் படிக்க வருகிறேன் என்று ஒரு கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள். பதில் இவ்வளவுதான், இரண்டு நிமிடம்கூட ஆகாது.

எனக்குப் பிடித்துக்கொண்டது பதில் அல்ல, இந்தக் கதவின் பழைய கதை. கட்டடக் கலையைப் பள்ளியில் சேர்ந்துதான் படிக்க வேண்டும் என்பதே பெரும்பாலான நாடுகளில் புதிய பழக்கம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவரை ஒரு ஆர்க்கிடெக்டின் அலுவலகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, கோடு போட்டுப் போட்டே ஒருவர் ஆர்க்கிடெக்ட் ஆனார். அமெரிக்காவின் முதல் பல்கலைக்கழக அளவிலான கட்டடக்கலை வகுப்பு எம்.ஐ.டி.யில் 1868-ல்தான் தொடங்கியது. அங்கே படித்து முடித்தவர்களும் "இது போதாது" என்று கப்பலேறிப் போன இடம் பாரிஸ். எகோல் தே போஸார். அதை யாரும் கிராஜுவேட் ஸ்கூல் என்று அழைக்கவில்லை. சேர எந்தப் பட்டமும் தேவையில்லை. ஆனால் கையில் ஒரு பட்டத்தோடு போன அமெரிக்கர்களுக்கு அது அப்படித்தான் பயன்பட்டது.

போஸாரில் கட்டணம் கிடையாது. வெளிநாட்டுக்காரனுக்கும் கிடையாது. இதைப் படித்தபோது எஜுகேஷன் லோன் கட்டிக்கொண்டிருக்கும் நம் நண்பர்கள் பலரின் முகம் நினைவுக்கு வந்தது. இலவசம் என்பதாலேயே நுழைவு கடினம். பதினைந்து வயதுக்கு மேல், முப்பதுக்குள் இருக்க வேண்டும். நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தேர்வு என்றால் மூன்று மணி நேரப் பேப்பர் அல்ல, வாரக்கணக்கில் இழுக்கும். முதலில் ஒரு கட்டட வடிவமைப்பு. தடுப்புப் போட்ட சிறிய அறை ஒன்றில் (அதற்கு லோஜ் என்று பெயர்) பன்னிரண்டு மணி நேரம் அடைபட்டு, கேள்வியில் சொன்ன கட்டடத்தைத் தனியாக யோசித்து வரைந்து கொடுக்க வேண்டும். பிறகு பிளாஸ்டர் சிலையைப் பார்த்து வரைதல், களிமண்ணில் அலங்கார வேலை. அதற்கும் பிறகு கணிதம், வடிவியல், வரலாறு. இவற்றில் வாய்மொழித் தேர்வும் உண்டு. அதாவது வைவா, பிரெஞ்சில்.

கணிதப் பகுதியில் பலரைக் கவிழ்த்த பேப்பர் டிஸ்கிரிப்டிவ் ஜாமெட்ரி. பெயர் புதிதாக இருக்கலாம், ஆள் பழைய ஆள்தான். முதல் வருடத்தில் மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் வரைந்தோமே, எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ், அதன் தாய். சாய்ந்து நிற்கும் ஒரு கூம்பை ஒரு தளம் வெட்டினால் மேலிருந்து எப்படித் தெரியும், பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்று மண்டை காய்ந்த எல்லோரும் கஸ்பார் மோன்ஜ் என்ற பிரெஞ்சுக்காரரின் மாணவர்கள். மேசியேர் நகரின் ராணுவப் பொறியியல் பள்ளியில் இருந்தபோது கோட்டை கட்டும் கணக்குக்காக அவர் உருவாக்கிய முறை அது. முப்பரிமாணப் பொருளை இரண்டு தட்டையான படங்களில் அடக்கிவிடலாம், அந்தப் படங்களிலிருந்தே எந்த அளவையும் கண்டுபிடிக்கலாம். ராணுவம் அதைப் பல வருடங்கள் ரகசியமாகவே வைத்திருந்தது. நமக்கு அரியர் தந்த பேப்பர் ஒரு காலத்தில் ராணுவ ரகசியம் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இந்த இடத்தில் லூயி சல்லிவனைச் சொல்லாமல் போக முடியாது. பிற்காலத்தில் சிகாகோவின் உயரக் கட்டடங்களுக்கு முகம் கொடுத்தவர், ஃபிராங்க் லாய்ட் ரைட்டுக்குக் குரு. 1874-ல் எம்.ஐ.டி.யில் ஒரு வருடம் மட்டும் படித்துவிட்டு, பதினேழு வயதில் பாரிஸ் போய் இறங்கினார். தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. பிரெஞ்சும் சரியாக வராது. மொழிக்கு ஆள் வைத்தார், கணக்குக்கு மொஸ்யே க்ளொப்பே என்ற டியூஷன் மாஸ்டரிடம் சேர்ந்தார். ஆம், அங்கேயும் டியூஷன்தான். சல்லிவன் வாங்கி வந்த வடிவியல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த க்ளொப்பே அதைத் தூக்கிப் போடச் சொன்னார். அதில் விதிகளுக்கு விதிவிலக்குகளும் தனி நேர்வுகளும் நிறைய இருந்தன. என் வகுப்பில் விளக்கங்கள் விதிவிலக்கே தேவைப்படாத அளவுக்கு அகலமாக இருக்கும் என்றாராம். வயதான பிறகு எழுதிய சுயசரிதையில் சல்லிவன் இந்தத் தருணத்தைத் தன் வாழ்க்கையையே திருப்பிய ஒன்றாக எழுதுகிறார். விதிவிலக்கில்லாத கணக்கு உண்டென்றால் விதிவிலக்கில்லாத கட்டடக்கலையும் ஏன் இருக்கக் கூடாது என்று பையனுக்குத் தோன்றிவிட்டது. தினமும் எட்ஜ் கேஸ்களோடு மல்லுக்கட்டும் ஆள் என்ற முறையில் எனக்கு க்ளொப்பேமீது நம்பிக்கை இல்லை. ஆனால் அப்படி ஒரு மாஸ்டர் வாய்க்க வேண்டும் என்ற பொறாமை உண்டு.

சல்லிவன் முதல் முயற்சியிலேயே பாஸ். ஆனால் ஒரு வருடம்கூடத் தங்காமல் அமெரிக்கா திரும்பிவிட்டார். நுழைவதுதான் அவருக்கு முக்கியமாக இருந்ததோ என்று சந்தேகம் வருகிறது. சில ஐ.ஐ.டி. நண்பர்களைப் பார்க்கும்போதும் வரும் சந்தேகம் அது.

இனி நான் சொல்ல வந்தவர். ஜூலியா மோர்கன், 1872 ஜனவரி 20-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தார். ஆர்க்கிடெக்ட் ஆக விரும்பினார். ஆனால் பெர்க்லியில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அப்போது கட்டடக்கலைத் துறையே கிடையாது. பக்கத்தில் எது இருந்ததோ அதில் சேர்ந்தார். 1894-ல் சிவில் எஞ்சினியர் ஆனார். கிடைக்காத கோர்ஸுக்குப் பதிலாகக் கிடைத்த பிராஞ்சைப் படித்துவிட்டு, உள்ளுக்குள் இன்னொன்றை வைத்துக்கொண்டு நடமாடும் ஆட்களை நமக்குத் தெரியாதா என்ன?

பெர்க்லியில் பெர்னார்ட் மேபெக் என்றொரு ஆசிரியர் இருந்தார். அவரே போஸாரில் படித்தவர். இந்தப் பெண்ணின் கையைப் பார்த்துவிட்டு, நீ அங்கே போ என்றார். 1896-ல் மோர்கன் பாரிஸ் போனார். போன பிறகுதான் உண்மையான சிக்கல். கட்டடக்கலைப் பிரிவில் அதுவரை ஒரு பெண்கூட இல்லை. தேர்வு எழுதவே அனுமதி இல்லை.

அதற்குக் காரணம் என்று எழுத்தில் பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை, வழக்கம் போதுமானதாக இருந்தது. பிரான்சின் பெண் ஓவியர்களும் சிற்பிகளும் 1881-லிருந்தே சங்கம் வைத்திருந்தார்கள். எலென் பெர்த்தோ என்ற சிற்பி தொடங்கியது. அரசுப் பணத்தில் இலவசமாக நடக்கும் பள்ளியில் எங்களுக்கு ஏன் இடமில்லை என்பது அவர்களின் கேள்வி. கேட்டுக் கேட்டே பதினைந்து வருடம் ஓடியது. 1897-ல் நுழைவுத் தேர்வு பெண்களுக்குத் திறந்தது. மோர்கன் அந்தச் சங்கத்துப் பெண்களோடு பழகினார், அவர்களின் பேச்சைக் கேட்டார், ஆனால் தன்னை அவர்களில் ஒருவராக நினைத்ததாகத் தெரியவில்லை. அவர்களைக் கொஞ்சம் கட்டுப்பாடில்லாதவர்கள் என்றே நினைத்தார். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மோர்கன் எழுதிய தேர்வு அவர் போராடி வாங்கியது அல்ல, ஒருபோதும் கட்டடக்கலை படிக்கப் போகாத பெண்கள் வாங்கித் தந்தது. "முதல் பெண்" என்று நாம் கொண்டாடும் கதைகளில் இந்த முந்தைய வரிசை எப்போதும் காணாமல் போய்விடுகிறது.

முதல் முயற்சி 1897-ல். ரேங்க் எட்டவில்லை, கட்-ஆஃபுக்குக் கீழே. இதில் அநியாயம் ஒன்றுமில்லை, முதல் தடவையிலேயே உள்ளே போனவர்கள் குறைவு. அமெரிக்கக் கட்டடக்கலையின் பெரிய பெயரான ரிச்சர்ட்சனே முதல் தடவை கோட்டைவிட்டவர்தான்.

இரண்டாவது முயற்சி நன்றாகவே போனது. தேர்வாகியிருக்க வேண்டும். ஆனால் தேர்வாளர்கள் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். இளம்பெண்களை ஊக்குவிக்க விருப்பமில்லை என்பதுதான் காரணம் என்று மோர்கன் காதுக்கே வந்து சேர்ந்தது.

இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நிலைமையில் ஒரு இருபத்தாறு வயதுப் பெண் என்ன செய்ய முடியும்? ஊருக்குத் திரும்பலாம். அங்கே எஞ்சினியர் பட்டம் இருக்கிறது, மேபெக் இருக்கிறார், வேலை கிடைக்கும். அல்லது புகார் செய்யலாம், யாரிடம் என்பது தெரியாமல். மோர்கன் இரண்டையும் செய்யவில்லை. மறுபடி படிக்க உட்கார்ந்தார். ரோம் பரிசு வாங்கிய ஃபிரான்சுவா-பெஞ்சமின் ஷோஸ்மீஷ் என்ற ஆர்க்கிடெக்டிடம் சேர்ந்தார். ரோம் பரிசு என்பது பிரெஞ்சுக் கட்டடக்கலையில் ஒரு மாணவன் எட்டக்கூடிய உச்சம். அதை வாங்கிய ஆள் இந்தப் பெண்ணைத் தன் மாணவியாக ஏற்றுக்கொண்டதே தேர்வாளர்களுக்கு ஒரு சேதியாகப் போயிருக்கும் என்பது என் ஊகம்.

1898-ல் மூன்றாவது முயற்சி. எழுதியவர்கள் 376 பேர். மோர்கன் பதின்மூன்றாவது ரேங்க்.

மார்க் குறைப்பவனுக்கும் ஒரு எல்லை உண்டு. முப்பதாவது ரேங்க்குக்குப் பக்கத்தில் நிற்பவரை ஒரு தட்டுத் தட்டினால் வெளியே விழுந்துவிடுவார். பதின்மூன்றில் நிற்பவரை வெளியே தள்ள வேண்டுமானால் ஊரறியத் தள்ள வேண்டும். "நம்மாளு இரண்டு மடங்கு நல்லா பண்ணணும்டா" என்று நம் வீடுகளில் சொல்லும்போது பெரியவர்கள் குறிப்பிடுவது இந்தக் கணக்கைத்தான். அந்தக் கணக்கு சரிதான். இரண்டு மடங்கு பண்ண முடியாத சாதாரணத் திறமைக்காரிகள் எத்தனை பேர் கதவுக்கு வெளியே நின்றார்கள் என்பதற்குத்தான் கணக்கில்லை.

உள்ளே போன பிறகு கடிகாரம் ஓடத் தொடங்கியது. போஸாரில் முதல் வருடம், இரண்டாம் வருடம் என்று கிடையாது. மாதா மாதம் போட்டிகள். ஜெயித்தால் புள்ளிகள். போதிய புள்ளி சேர்ந்தால் இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு ஏறலாம். பத்து வருடம் எடுத்துக்கொள்கிறவனும் உண்டு, பள்ளி கவலைப்படாது. ஆனால் முப்பது வயதானால் வெளியே போக வேண்டும். மோர்கன் சேரும்போதே இருபத்தாறு முடிந்து இருபத்தேழை நெருங்கிக்கொண்டிருந்தார். வழக்கமாக ஐந்து வருடம் பிடிக்கும் படிப்புக்கு அவர் கையில் இருந்தது மூன்று வருடமும் கொஞ்சமும். தேர்வுக்குக் காத்திருந்த இரண்டு வருடங்களும் இந்தக் கணக்கிலிருந்துதான் கழிந்தன. அனுமதி தாமதமானால் தண்டனை இரட்டிப்பு என்பது இதுதான். பள்ளி கதவை மூடி வைத்திருந்த காலத்துக்கு வட்டியும் மோர்கனே கட்டினார்.

போட்டிகளின் முறையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மறுபடியும் அந்த லோஜ். கேள்வியை வாங்கிக்கொண்டு அன்றைக்கே ஒரு முதல் வரைவை, எஸ்கிஸ், போட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஒரு நகலை மாணவர் வைத்துக்கொள்ளலாம். பெரிய போட்டிகளுக்கு அடுத்த சில வாரங்கள் குருவின் பட்டறையில் அதையே விரித்துப் பெரிய படங்களாக வரைவார்கள். கடைசிப் படம் முதல் வரைவிலிருந்து விலகியிருந்தால் போட்டியிலிருந்தே நீக்கம். பாதி வழியில் நல்ல யோசனை வந்தால்? அதை அடுத்த போட்டிக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு நாளில் எடுத்த முடிவோடு இரண்டு மாதம் வாழப் பழக்கும் பயிற்சி அது. கடைசி நாளில் படங்களை ஏற்றிப்போக ஒரு தள்ளுவண்டி வரும், பிரெஞ்சில் ஷரெத். வண்டி போகும்போதே அதன் கூடவே ஓடிக்கொண்டு கடைசி வண்ணம் பூசுவார்களாம். இன்றைக்கும் உலகம் முழுக்க ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் கெடுவுக்கு முந்தைய விடிய விடிய வேலையை ஷரெத் என்றுதான் சொல்கிறார்கள்.

கலிஃபோர்னியாவின் பெரும் பணக்காரரான ஃபீபி ஹர்ஸ்ட் இந்தச் சமயத்தில் மோர்கனுக்குப் பண உதவி செய்ய முன்வந்தார். மோர்கன் மறுத்துவிட்டார். பணத்தால் வேலை சுலபமாகிவிடாது என்பது அவர் பதிலின் சாரம். பின்னாளில் இதே ஃபீபியும் மகன் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்டும் அவருக்கு வாழ்நாள் முழுக்க வேலை கொடுத்தார்கள்.

முப்பதாவது பிறந்தநாள் நெருங்கும் நேரத்தில் மோர்கன் ஒரு அரண்மனை நாடக அரங்கத்தை வடிவமைத்துக் கொடுத்தார். அதோடு புள்ளிகள் நிறைந்தன. கட்டடக்கலையில் போஸாரின் சான்றிதழ் வாங்கிய முதல் பெண்.

1902-ல் ஊர் திரும்பி, பெர்க்லி வளாகத்தைக் கட்டிக்கொண்டிருந்த ஜான் கேலன் ஹோவர்டிடம் வேலைக்குச் சேர்ந்தார். திறமையான வரைவாளர் ஒருவர் கிடைத்திருக்கிறார், பெண் என்பதால் சம்பளம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று ஹோவர்ட் சொன்னதாக ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. கதை உண்மையோ இல்லையோ, மோர்கன் 1904-ல் கலிஃபோர்னியாவில் ஆர்க்கிடெக்ட் உரிமம் பெற்ற முதல் பெண்ணாகி, தனி அலுவலகம் போட்டுவிட்டார்.

அதே வருடம் ஓக்லாந்தின் மில்ஸ் கல்லூரியில் 72 அடி உயர மணிக்கூண்டு ஒன்றைக் கட்டினார். அப்போது அந்தப் பக்கத்தில் பலரும் நம்பாத ஆர்.சி.சி.யில், அதாவது கம்பி கட்டிய கான்கிரீட்டில். 1906 ஏப்ரல் 18-ல் பூகம்பம் வந்து சான் ஃபிரான்சிஸ்கோ இடிந்து எரிந்தது. மணிக்கூண்டு அப்படியே நின்றது. உடனே, எரிந்து கூடாக நின்ற ஃபேர்மான்ட் ஹோட்டலைச் சரிசெய்யும் வேலை மோர்கனைத் தேடி வந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து ஹோட்டல் திறந்தது. அங்கே தேவைப்பட்டது போஸாரின் தூண்களும் வளைவுகளும் அல்ல, எந்தச் சுவர் நிற்கும் எது விழும் என்ற அறிவு. வேறு வழியில்லாமல் படித்த அந்த சிவில் எஞ்சினியரிங். பின்னால் ஹர்ஸ்ட் கோட்டை உட்பட எழுநூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள். அந்தப் பட்டியலுக்குள் நான் இங்கே போகப்போவதில்லை, போனால் இது வேறு கட்டுரை ஆகிவிடும்.

அதற்குள் அமெரிக்கப் பள்ளிகள் வளர்ந்துவிட்டன. பாரிஸுக்குப் போகும் வழக்கம் மெல்லக் குறைந்தது. பள்ளிக்குள் நுழைவதும் நூற்றாண்டு நகர நகர மாறியது. லோஜும் களிமண்ணும் வைவாவும் போய், போர்ட்ஃபோலியோவும் கடிதங்களும் வந்தன. மனிதத்தன்மையுள்ள முறை என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், நானும்தான். ஒரு நாளின் பதற்றத்தை வைத்து ஒருவரை எடைபோடாமல், பல வருட வேலையைப் பார்க்கிறார்கள். ஹபீப் ரஹ்மான் போன்றவர்களுக்கு அந்த வழி உதவியது. கல்கத்தாவில் எஞ்சினியரிங் படித்துவிட்டு எம்.ஐ.டி. போய் 1944-ல் கட்டடக்கலையில் முதுகலை முடித்துத் திரும்பியவர். பாரக்பூரின் காந்தி காட், டெல்லியின் பல அரசுக் கட்டடங்கள் அவருடையவை.

ஆனால் மோர்கனுக்குத் தன் மதிப்பெண் குறைக்கப்பட்டது தெரிந்ததற்குக் காரணம் அங்கே மதிப்பெண் என்று ஒன்று இருந்ததுதான். 376-ல் பதின்மூன்று என்பதை யாரும் மறைக்க முடியவில்லை. போர்ட்ஃபோலியோ அனுப்பி "வருந்துகிறோம்" என்று பதில் வாங்கும் பெண்ணிடம் அப்படி எந்த எண்ணும் இல்லை. திறமை போதவில்லையா, வேறு ஏதாவதா என்று ராத்திரி முழுக்க யோசிக்கலாம். விடை வராது.

ஹார்வர்டில் அந்த யோசனைக்கும் இடமில்லை, அங்கே விதியே இருந்தது. பெண்களை எடுப்பதில்லை. 1915-ல் கட்டடம் வரையக் கற்றுக்கொள்ள விரும்பிய ஒரு பெண்ணுக்கு அங்கே பாடம் நடத்திய ஹென்றி அதர்டன் ஃபிராஸ்ட் தனியாக டியூஷன் எடுக்கத் தொடங்கினார். ஒருவர் சிலரானார்கள், சிலர் ஒரு பள்ளியானார்கள். கேம்பிரிட்ஜ் ஸ்கூல் என்று பெயர். பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களே வந்து, பல்கலைக்கழகத்தின் பாடத்தையே, பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடத்தினார்கள். ஒரு கட்டம்வரை பட்டம் கிடையாது, சான்றிதழ் மட்டும். ஸ்மித் கல்லூரியோடு இணைந்த பிறகு பட்டமும் வந்தது. 1942-ல் பணமில்லாமல் பள்ளி மூடப்பட்டது. அதே வருடம் ஹார்வர்டின் டிசைன் பள்ளி, போர் முடியும்வரைக்கும் என்று சொல்லி, பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆண்கள் போருக்குப் போயிருந்தார்கள். வகுப்பில் நாற்காலிகள் காலியாக இருந்தன.